அந்த வரியை எழுதியது அருள்ராஜ் இல்லை

அருள்ராஜ் செத்துவிட்டான்.

நேற்று மாலை, திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபம். சிசிடிவி கேமரா மாட்ட ஏறியிருக்கிறான். ஏணி வழுக்கிவிட்டது... பின்மண்டையில் அடி. புதுச்சேரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

முப்பத்து மூன்று வயது. 'இயற்கை எய்தினார்' என்றெல்லாம் எனக்கு எழுத வரவில்லை.

காலையிலிருந்து ஒரு பதிவு சுற்றிக்கொண்டிருக்கிறது. விழுப்புரத்தில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த சின்னக் கம்பெனியின் முதலாளி போட்டது. "எங்கள் குடும்பத்தின் தூண் சாய்ந்தது." கூடவே அருளின் பழைய ஐடி கார்டு போட்டோ.

அதன் கீழே, அங்கே எங்களோடு இருந்த ஒருவரின் கமெண்ட். "நல்ல திறமைசாலி. அந்த டிரைவர் விஷயத்துல மட்டும் கொஞ்சம் அசால்ட்டா இருந்துட்டார்."

முதலாளி அதற்கு ஹார்ட் போட்டிருக்கிறார்.

ஹார்ட்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தடுப்பூசி வைக்கும் பிரிட்ஜின் குளிர்ச்சியை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மெமரி கார்டில் பதியும் கருவி ஒன்றைச் செய்தோம். அதற்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் கார்டுக்கும் நடுவில் நின்று பேசும் புரோகிராம்தான் டிரைவர். முழுவதும் அருள் எழுதியது.

அசால்ட்டாக இருந்தவன் எப்படி எழுதினான் தெரியுமா... விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றியிருக்கும் செல்போன் கடைகளில் ஏறி இறங்கி, செத்த கார்டு, சாகக் கிடக்கும் கார்டு, அறுபத்து நாலு ஜிபி என்று அச்சடித்து உள்ளே எட்டுகூட இல்லாத போலிக் கார்டு, எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வருவான்.

ஒரு கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாபா நீ, ஊரே நல்லதா குடுன்னு கேக்குது. நீ கெட்டுப்போனதா பாத்துப் பொறுக்கிக்கினு போற. பொண்ணு பாக்கப் போனாலும் இப்டித்தான் கேப்பியா?"

"நல்ல கார்டுல எவன் எழுதின டிரைவரும் ஓடும்ணே. இதுல ஓடணும்."

ஒவ்வொரு கார்டின் முதுகிலும் நெயில் பாலிஷில் நம்பர். "பதினேழு சரியான பொய்யன்டா. எழுதிட்டேம்பான், எழுதியிருக்க மாட்டான்." கார்டுகளை ஆட்களாகத்தான் பேசுவான்.

எழுதி முடிக்கும்வரை கார்டு ஒரு கம்பியின் சிக்னலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பொறு என்று அர்த்தம். புதுக் கார்டு சட்டென்று விட்டுவிடும். மாதக்கணக்கில் உழைத்த கார்டு இழுக்கும். அருள் ஆயிரம் மில்லி செகண்ட் வரை பொறுக்கச் சொல்லி எழுதியிருந்தான். அதாவது ஒரு முழு செகண்ட். அதன் பிறகுதான் டிரைவர் கார்டுக்குப் போகும் கரன்ட்டை நிறுத்தும்.

முதலாளிக்கு அது பிடிக்கவில்லை.

"ஸ்க்ரீன் நின்னு நின்னு வருது அருளு. பாக்கற ஆபீசருக்கு பேஜாராயிடும். கொற."

"கொறைக்கக் கூடாது சார். அது எழுதிக்கினு இருக்கும்போது நாம பவர கட் பண்ணா, உள்ள இருக்கறதெல்லாம் கொழம்பிடும்."

"புதுக் கார்டு போட்டுதான குடுக்கறோம்?"

"புதுசு எத்தினி நாளைக்கு சார் புதுசா இருக்கும்?"

தங்கை கல்யாணத்துக்கு நாலு நாள் லீவில் போனான். அந்த நாலு நாளில் ஆயிரம் நூறானது. அப்படியே கருவிகள் ஊர் ஊராகப் போய்விட்டன.

சில மாதம் கழித்து, கண்டாச்சிபுரம் பக்கமிருந்து ஒரு நர்ஸின் போன். அருள்தான் எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டான்.

"மூணு நாள் ரெக்கார்டு காணோங்க சார். பிரிட்ஜ் ஓடிக்கினுதான் இருந்துச்சு, சத்தியமா. மருந்தெல்லாம் கொட்டச் சொல்லிட்டாங்க. நான்தான் ஆஃப் பண்ணிட்டேன்னு மெமோ குடுத்திருக்காங்க சார்..."

அன்று அவன் சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் மீட்டிங். எந்த வரியை யார் மாற்றியது என்று காட்டும் பட்டியலை புரொஜெக்டரில் சுவரில் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் அருள்ராஜ் என்று பெயர்.

"பேரு இருக்குல்ல?" என்றார் முதலாளி. குறைக்கச் சொன்ன அதே வாய்.

"அன்னிக்கு நான் லீவு சார்."

"சிஸ்டம் உன்னுதுதான?"

அறையில் ஆறு பேர் இருந்தோம். அருள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

வேலை போனது. சென்னையில் எங்கே கேட்டாலும் பழைய இடத்தில் விசாரித்தார்கள். 'கவனக்குறைவு' என்று பதில் போனது. கடைசியில் திண்டிவனத்தில் கேமரா மாட்டும் வேலை. ஏணி.

நாலு மாதம் முன்பு திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அவனைப் பார்த்தேன். அவித்த வேர்க்கடலை, எங்கள் ஊர் மல்லாட்டை, ஒரு பொட்டலத்தை என் பக்கம் நீட்டினான்.

"ஏண்டா அன்னிக்கு என் பேரச் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீயே சொல்லுவேன்னு பாத்துக்கினு இருந்தேன்." மல்லாட்டையை உரித்தான். "இப்பக்கூட லேட் இல்லடா. சொல்லேன்."

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

ஆயிரத்தை நூறாக்கியது நான். "ஒரு நம்பர்தான தம்பி, ஜல்தியா மாத்திடு" என்றார் முதலாளி. அருளின் நாற்காலியில் உட்கார்ந்து, அருளின் கம்ப்யூட்டரில் மாற்றினேன். அதனால்தான் அவன் பெயர். அருளுக்கு அது மீட்டிங் அறையிலேயே தெரியும். அந்த டிரைவரில் கைவைக்கத் தெரிந்தது எங்கள் இருவருக்குத்தான்.

கமெண்ட் போட்டவரே, நீங்களும் அந்த அறையில் இருந்தீர்கள். அழியுங்கள் அதை.

முதலாளி சார், உங்களை டேக் செய்திருக்கிறேன். தூணும் வேண்டாம், குடும்பமும் வேண்டாம். பதிவை எடுங்கள். மறுப்பதென்றால் இங்கேயே, என் பெயரைச் சொல்லி மறுங்கள்.

அந்த நர்ஸின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இதைக் காட்டுங்கள். பிரிட்ஜை அவர் அணைக்கவில்லை.

அருளின் மனைவி இதைப் படிப்பார். படிக்கட்டும்.

நாலு மணிக்கு அடக்கம். உன் வீட்டில் என்னை உள்ளே விடுவார்களா, தெரியவில்லை...

வர்றேன்டா அருள்.