சம்பந்தி கழற்றிப் போட்ட கார்புரேட்டர்

செவ்வாய்க்கிழமை காலையில் பூந்தமல்லியிலிருந்து ஓர் ஆள் சைக்கிளில் வந்து, அம்பத்தூரில் எங்கள் வாசலில் நின்றார். மோர் நீட்டினேன், வேண்டாமென்று தலையாட்டினார். அப்போதே தெரிந்துவிட்டது. என் மகள் பட்டம்மாளின் மாமனார், சம்பந்தி ஏகாம்பரம், விடியற்காலையில் காலமாகிவிட்டார்.

நல்லவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். நடக்கமுடியாதவர்களைத் தம் மோட்டாரில் மாங்காட்டுக் கோவிலுக்கு ஏற்றிக்கொண்டுபோய் இறக்கிவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் கேட்காதவர். மருமகளை ஒரு நாளும் வாடி போடி என்று கூப்பிட்டதில்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அவரை முதன்முதலில் பார்த்தது, அவர் மகனுக்குப் பெண் பார்க்க வந்த அன்று. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரையிடம் வாங்கிய பழைய மோட்டார் அவருடையது. பித்தளை விளக்கு இரண்டும் கண்ணைப் பறிக்கும். அதை ஏரிக்கரையிலிருந்து நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அவர் மட்டும் இறங்காமல் உள்ளே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னாங்க, மாடு பூட்ட மறந்துட்டீங்களா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"மாப்பிள்ளை ஊட்டு வண்டிங்க. மெதுவாத்தான் வரும்" என்றார் அவர். அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

பட்டம்மாளுக்கு ஒன்பதாம் மாதம் வளைகாப்பு. தலைப்பிள்ளை தாய்வீட்டில்தான் பிறக்க வேண்டும். அதற்காகக் கூடத்துக்கு வெள்ளையடித்து, மருத்துவச்சியிடம் சொல்லிவைத்து, மாட்டுவண்டியில் மெத்தென்று வைக்கோல் பரப்பிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போயிருந்தேன். வளையல் அடுக்கி முடித்து வெளியே வந்தால், சம்பந்தி மோட்டாரின் கார்புரேட்டரைக் கழற்றிக் கோணிமேல் பரப்பி வைத்திருக்கிறார். பெட்ரோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்கு அனுப்புகிற சாமான் அது.

"இன்னாங்க இது?"

"ஒழுவுதுங்க. ஒரு மணி நேரம். பொறவு மருமவளை ராணி மாதிரி அனுப்பறேன்."

"என் வண்டி நிக்குதே. அதுலயே இட்டுக்கினு போறேன்."

"மோட்டார் வெச்சிருக்கிறவன் ஊட்டு மருமவ மாட்டு வண்டியில போறதா? நான் பூந்தமல்லியில தலை காட்ட வாணாங்களா?"

அந்த ஒரு மணி நேரம் பதினோரு நாள் ஆயிற்று. காலையில் மாட்டைப் பூட்டுவேன், சாயங்காலம் அவிழ்ப்பேன். பெண்ணைக் கொடுத்த வீட்டில் பதினோரு நாள் கை நனைத்தேன். அந்த வெட்கம் இன்றும் போகவில்லை.

கார்புரேட்டருக்குள் எலுமிச்சம்பழம் அளவில் ஒரு பித்தளை மிதவை உண்டு. பெட்ரோல் போதுமான அளவு வந்ததும் அது மிதந்து எழும்பி, வரும் வழியை அடைக்க வேண்டும். அதில் ஊசிமுனை ஓட்டை. சம்பந்தி ஈயத்தைக் காய்ச்சிப் பற்றவைத்தார். மாட்டினார், ஒழுகிற்று. கழற்றி, மேலே இன்னும் ஈயம் வைத்தார். மறுபடி ஒழுகிற்று. ஆறாம் நாள், ஓட்டை அடைபட்டதா என்று பார்க்க அதை வெந்நீரில் போட்டார். குமிழி ஒன்றும் வரவில்லை. ஆனால் மிதவை முக்கால்வாசி முழுகிக் கிடந்தது.

"ஓட்டை அடைஞ்சிட்டுதுங்க. ஈயந்தான் கூடிப்போச்சு. கனத்துல எழும்ப மாட்டேங்குது, சுரண்டிப் பாருங்க" என்றேன்.

"சம்பந்தியம்மா, இது ரசம் வைக்கிற ஈயச் சொம்பு இல்லீங்க. சீமைச் சாமான்."

கதவோரம் நின்ற பட்டம்மாள், விட்டுவிடம்மா என்று கண்ணைக் காட்டினாள். விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

பதினோராம் நாள் காலை அவளுக்கு நோவு கண்டது. பேத்தி அவர்கள் வீட்டு உள்ளறையில் பிறந்தாள். வெந்நீர் எடுக்கக் கொல்லைப்பக்கம் வந்தேன். சம்பந்தி எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பேனாக்கத்தியால் மிதவையைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கோணியெல்லாம் ஈயச் சீவல்.

மத்தியானம் கைப்பிடியின் ஒரே சுழற்றலில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்தச் சத்தத்தில் குழந்தை வீரிட்டு அழுதது. சம்பந்தி என் பக்கம் திரும்பவில்லை. நான் சொன்னது சரி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, சாகும்வரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வாய் தேய்ந்தா போயிருக்கும்? நான் வெள்ளையடித்த கூடம் சும்மா கிடந்தது.

இரண்டு வருடம் கழித்துப் பட்டம்மாள் மறுபடி முழுகாமல் இருந்தாள். ஐந்தாம் மாதம்தான். ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில் எங்கள் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. உள்ளே மகளும் பேத்தியும். மாடுகளுக்கு முன்னால், குடையை இடுக்கிக்கொண்டு, முழங்கால் வரை சேறோடு சம்பந்தி. வண்டி குலுங்காமல் வர, பள்ளம் பார்த்து வழிகாட்டிக்கொண்டு பூந்தமல்லியிலிருந்து நடந்தே வந்திருக்கிறார்.

"மோட்டாருக்கு இன்னா ஆச்சுங்க?"

"நல்லாத்தான் கீது."

"அஞ்சு மாசந்தானே ஆவுது? இன்னா அவசரம்?"

"நல்லாத்தான் கீதுங்க" என்றார் மறுபடியும். நின்றபடியே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி நடந்தார். பேரன் எங்கள் கூடத்தில் பிறந்தான்.

சம்பந்தி, பேத்தி உங்கள் வீட்டில் பிறந்ததை நான் மன்னிக்கவில்லை. நீங்கள் சேற்றில் நடந்து வந்ததை மறக்கவும் இல்லை. இந்தத் தடவையும் எங்களுக்கு முன்னால் நடந்துவிட்டீர்கள். பள்ளம் பார்த்துப் போங்கள்.