இரண்டு 4.2

அலுவலகத்தில் அவளை எல்லோரும் நம்பரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குழந்தையின் எடையைப் போட்டால் மருந்தின் அளவைச் சொல்லும் மென்பொருள் ஒன்றை அந்தக் கம்பெனி கிளினிக்குகளுக்கு விற்றது. அவள் தம்பி மருந்து எடுத்துக் கொடுக்கும் கிளினிக்கிலும் அதுதான். அது மாறும்போதெல்லாம் புது எண் போட்டு, என்ன மாறியது என்று எழுதி வெளியே அனுப்புவது அவள் வேலை. வீட்டிலும் அந்தப் புத்தி போகாது. பிரிட்ஜில் இருக்கும் டப்பாவுக்கெல்லாம் தேதி ஒட்டுவாள்.

"என் மேலயும் ஒண்ணு ஒட்டிடேன்" என்பான் கணவன்.

"எதுக்கு? கல்யாணமான நாள்லேருந்து உங்ககிட்ட என்ன மாறியிருக்கு?"

அவளுக்கு ஒரே பிடிவாதம்தான். வெளியே போன எண் போனதுதான். அதற்குப் பிறகு ஒரு புள்ளியைத் திருத்தினாலும் அடுத்த எண்.

4.2 வெளியான மறுநாளே அதில் ஒரு தப்பு தெரிந்தது. கைக்குழந்தைகளுக்கு மருந்தின் அளவைக் கூட்டிச் சொன்னது. திருத்தம் உடனே தயாரானது. அவள் 4.3 என்று போடப் போகும்போது மேனேஜர் பல்லைக் குத்திக்கொண்டே வந்து நின்றார். கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அந்த மனுஷன்.

"4.3 எல்லாம் வேணாம்மா. திருத்தினதையே 4.2-ன்னு வச்சிட்டு, பழசைத் தூக்கிடு."

"நேத்தே எடுத்தவங்க இருக்காங்களே சார்?"

"பெரிய ஆஸ்பத்திரிக்காரங்க வாங்க வர்றாங்க. வெளியிட்ட மறுநாளே திருத்தம்னா ஓடிட மாட்டாங்களா? யாரை வீட்டுக்கு அனுப்பலாம்னு மேலே வேற கேட்டுட்டே இருக்காங்க. உனக்குத் தெரியாததா?"

பல்லிடுக்கில் சிக்கியிருந்ததை எடுத்துப் பார்த்துவிட்டு, அவள் மேஜை ஓரத்திலேயே தடவிவிட்டுப் போனார்.

கிளினிக்கில் இருக்கும் மென்பொருள், திறக்கும்போதெல்லாம் கம்பெனி கடைசியாக வெளியிட்ட எண்ணைப் பார்க்கும். எண் வேறாக இருந்தால்தான் புதியதை எடுத்துக்கொள்ளும். ஒன்றாக இருந்தால் கம்மென்று கிடக்கும். நேற்று தப்பானதை எடுத்தவர்களுக்கு இனித் திருத்தம் போகவே போகாது. அவளுக்கு இது தெரியாதா என்ன? தெரிந்துதான் திருத்தியதற்கும் 4.2 என்றே அடித்தாள். சீ, இதுவும் ஒரு பிழைப்பா!

மேஜையைத் துடைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தவள் அப்படியே மூடி வைத்தாள். "நம்பரக்காவே வளைஞ்சு கொடுத்துட்டாங்கப்பா" என்று பக்கத்து அறையில் யாரோ சிரித்தார்கள். மேனேஜர் மேல் வந்த அருவருப்பைவிட, தன் விரல்கள் மேல் வந்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் தம்பி போன் செய்தான். பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"அக்கா, பக்கத்து கிளினிக்குல 4.2 கணக்கு உதைக்குதாம். எங்ககிட்டயும் 4.2 தான். கைக்குழந்தைக்கு மருந்து கொடுக்கணும். இது சரியானதுதானே? டாக்டரம்மா உன்னைக் கேக்கச் சொன்னாங்க."

"எப்ப எடுத்தீங்க?"

"அது தானா மாறிக்குது, யாருக்குத் தெரியும்? 4.2, அவ்வளவுதான் போட்டிருக்கு."

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் அவளுக்குச் சம்பளம்.

"அதை நம்பாதடா. மூடி வை. டாக்டரம்மாவையே கணக்குப் போட்டுத் தரச் சொல்லு."

"ஏன்க்கா, தப்பானதா?"

"தெரியலடா."

"உனக்கே தெரியலையா? அப்புறம் எதுக்குக்கா நம்பர் போடறீங்க?"