கண்டக்டர் சேர்ந்த விண்கப்பல் படை

கண்டக்டர் என்பவன் ஆடுகிற வண்டியில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நாலு பேர் ஒரே நேரத்தில் பேசுவதைக் கேட்டு, அதில் யாருக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று முடிவெடுக்கிறவன். விண்வெளிச் சண்டைக்கும் இதே தகுதிதான் வேண்டும் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகும் தனியார் பஸ்ஸில் எனக்கு வேலை. ஒருநாள் வண்டி, ஒருநாள் வீடு. வீட்டில் இருக்கும் நாளில் கம்ப்யூட்டரில் விண்கப்பல் ஓட்டுகிறேன். ஆன்லைன் விளையாட்டுதான், ஆனால் எதிரே வரும் கப்பலுக்குள் எங்கேயோ ஒரு நிஜ மனிதன் உட்கார்ந்திருப்பான், பார்த்ததும் சுடுவான். தனியாகப் போகிறவன் உருப்பட மாட்டான், ஏதாவது ஒரு படையில் சேர்ந்தாக வேண்டும். அப்படிச் சேர விண்ணப்பம் போட்டுவிட்டு, தலையில் ஹெட்செட்டோடு உட்கார்ந்து, வீட்டில் பேச்சும் வாங்கிக்கொண்டிருக்கிற சகோதர சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நேர்முகத் தேர்வு

நான் விண்ணப்பித்த படையின் பெயர் கரிசல் படை. எல்லாரும் நம் பக்கத்து ஆட்கள். தலைவி மரகதம், விளாத்திகுளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனாலும் படையில் எல்லாருக்கும் அக்கா. எனக்கும் அக்கா.

ஆடி முடியும் வரை சோதனைக் காலம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தேறினால் சண்டைப் பிரிவு, தேறாவிட்டால் கல் வெட்டும் பிரிவு. விண்வெளியில் மிதக்கும் பாறைகளை வெட்டித் தாது எடுத்துவந்து படைக்குக் கொடுக்க வேண்டும். கரிசல் காட்டில் களை வெட்டி வெட்டித்தான் என் அப்பாவுக்கு முதுகு வளைந்தது. தப்பித்துக் கண்டக்டர் வேலைக்கு வந்தவன் நான். ஆகாசத்துக்குப் போயும் மறுபடி வெட்டுவதா? எப்பாடு பட்டாவது சண்டைப் பிரிவில் நுழைந்துவிட வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.

மரகதம் அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சண்டை நடுவுல ஒங்க கப்பலு வெடிச்சிட்டுன்னு வைங்க. என்ன செய்வீங்க?" இந்த விளையாட்டில் வெடித்த கப்பல் வெடித்ததுதான், திரும்ப வராது. நான் யோசிக்கவே இல்லை. "வண்டி பிரேக்டவுன் ஆனா என்ன செய்வோம்? ஷெட்டுக்குப் போய் வேற வண்டிய எடுத்துட்டு வருவேன்" என்றேன். அக்கா சொன்னார்: "அண்ணாச்சி, இந்தக் கேள்விக்கு மூஞ்சியத் தொங்கப் போடாம பதில் சொன்ன மொத ஆளு நீங்கதான்."

மரியாதை

முதல் நாளே என்னை ஒற்றனாக அனுப்பினார்கள். ஒரு நட்சத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வாசல் ஒன்று உண்டு. அந்த வாசலருகே ஒளிந்துகொண்டு, யார் வருகிறார்கள் என்று ஹெட்செட்டில் சொல்ல வேண்டும். மூன்று எதிரிக் கப்பல்கள் வந்தன. நான் ஆரம்பித்தேன்: "அக்கா வணக்கம், நான் ஜெபராஜ் பேசுதேன். இங்கன வாசல்கிட்ட அண்ணன்மாரு மூணு பேரு வாராவ. அதுல முன்னால வாரவிய கொஞ்சம் பெரிய கப்பல்ல..."

பெரிய கப்பலில் வந்தவர் என்னை முடித்துவிட்டார். வணக்கம் சொன்ன நேரத்தில் தப்பித்திருக்கலாம். எனக்கு அழுகை வராத குறை. இனி கல் வெட்டத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பஸ்ஸில் நின்றபோதுதான் உறைத்தது. எங்கள் டிரைவர் சண்முகம் அண்ணனிடம் நான் என்றைக்காவது வணக்கம் சொல்லி, விலாசம் சொல்லி வண்டியை நிறுத்தச் சொன்னதுண்டா? ஒரு விசில் கொடுத்தால் நிற்க வேண்டும், இரண்டு கொடுத்தால் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான். (டீக்கடையில் நிற்கும்போது மட்டும் சண்முகம் அண்ணனுக்கு எந்த விசிலும் காதில் விழாது. அது வேறு விஷயம்.) அன்றிலிருந்து விளையாட உட்காரும்போது விசிலை மவுஸுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன், சுருக்கமாகப் பேசு என்று எனக்கு நானே ஞாபகப்படுத்த. அடுத்த தடவை, "வாசல், மூணு, உள்ள" என்று மூன்றே வார்த்தையில் முடித்தேன். படையில் உள்ள நாகலாபுரம் அந்தோணிக்குக் கோழித்தீவன வியாபாரம். அவர்தான் ஆதங்கப்பட்டார்: "இப்பதான் சரி அண்ணாச்சி. சுட வாரவனப் போயி அண்ணன்னீங்களே, கல்யாணத்துக்கா வாரான்?"

வீட்டு ராஜதந்திரம்

சுடத் தெரிவதைவிட முக்கியமான திறமை ஒன்று உண்டு. சண்டை நடக்கும்போது வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஓடுகிறது. எதிரியின் கப்பல் ஒன்று வசமாக மாட்டி, இன்னும் ஒரு அடி அடித்தால் விழுந்துவிடும். என் மனைவி ஜெசி அடுப்படியில் தேங்காய்ச் சட்னிக்கு மிக்ஸியைத் திருகினாள்.

இன்வெர்ட்டர் கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது. இருட்டுத் திரையில் என் முகம்தான் தெரிந்தது. அடுப்படிக்குப் போய், ஒரு நிமிஷம் பொறுக்கக் கூடாதா, ஒரு கப்பல் போச்சே என்று கத்திவிட்டேன். அவள் ஜாரைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "ஆகாசத்துல ஒங்களுக்கு ஆயிரம் கப்பலு இருக்கும். இங்கன எனக்கு மிக்ஸி ஒண்ணுதான்."

ஆளில்லாத ஸ்டாப்

எங்கள் வழித்தடத்தில் எங்களுக்கு முன்னால் இன்னொரு தனியார் பஸ் போகும். அவர்கள் டயத்துக்குப் போனால் எங்களுக்கும் ஆள் கிடைக்கும். சில நாள் வேண்டுமென்றே தாமதித்து, எங்கள் டயத்தில் எங்களுக்குக் கொஞ்சம் முன்னால் ஊர்ந்து, ஸ்டாப்பில் நிற்கிற எல்லாரையும் வழித்துக்கொண்டு போய்விடுவார்கள். வண்டி கண்ணுக்குத் தெரிய வேண்டியதில்லை. எப்போதும் ஆள் நிற்கும் ஸ்டாப் வெறிச்சோடிக் கிடந்தால், நான் சண்முகம் அண்ணனிடம் சொல்லிவிடுவேன், அடுத்த வளைவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறான் என்று. அநேகமாகத் தப்பாது.

ஒரு சாயங்காலம் படை முழுதும் என் பின்னால் வர, ஒற்றனாக முன்னே போய்க்கொண்டிருந்தேன். எப்போதும் நாலைந்து பேர் கல் வெட்டிக்கொண்டிருக்கும் ஒரு இடம் அன்று காலியாகக் கிடந்தது. எதிரி என்று திரையில் ஒருவரும் இல்லை. அந்தோணிக்கு ஒரே சந்தோஷம், பாதை சுத்தம், போகலாம் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. "அக்கா, ஸ்டாப்புல ஆளே இல்ல. முன்னால ஒரு வண்டி வழிச்சிட்டுப் போயிருக்கு" என்றேன். மரகதம் அக்கா தினமும் பஸ் ஏறிக் கடைக்கு வருகிறவர், விளக்கம் கேட்கவே இல்லை. எல்லாரையும் நிற்கச் சொன்னார். அந்தோணி மட்டும் என்னைக் கேலி செய்துகொண்டே அடுத்த வாசலைத் தாண்டினார். தாண்டிய வேகத்தில் வெடித்தார். எதிரிகள் அங்கே மொத்தமாகக் காத்திருந்தார்கள். நாங்கள் சுற்றுவழியில் போய் அவர்கள் முதுகுப்பக்கம் இறங்கி, ஒரு கப்பல் மிச்சமில்லாமல் நொறுக்கினோம். அந்தோணி புதுக் கப்பலோடு வந்து சேர்ந்து சொன்னார்: "அண்ணாச்சி, இனி நீங்க கைகாட்டுத வண்டிலதான் நான் ஏறுவேன்."

போலாம் ரைட்

ஆடி கடைசி ஞாயிறு. எங்களைவிடப் பெரிய படை ஒன்று எங்கள் கோட்டையை வளைத்திருந்தது. இந்தச் சண்டையோடு என் தலையெழுத்தும் முடிவாகிவிடும் என்று மரகதம் அக்கா சொல்லியிருந்தார். எங்கள் ஆட்கள் வாசலுக்கு இந்தப் பக்கம் காத்திருந்தார்கள். நான் அந்தப் பக்கம் ஒளிந்து எதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா சொல்லும்வரை ஒருத்தரும் வாசலைத் தாண்டக் கூடாது, அவர் தவிர யாரும் உத்தரவு கொடுக்கவும் கூடாது. கொடுத்தால் கல் வெட்டும் பிரிவு.

எதிரியின் காவல் கப்பல்கள் என்ன நினைத்தனவோ, திடீரென்று வாசலை விட்டு விலகிப் போயின. "வாசல், காலி" என்றேன். பதில் இல்லை. விளாத்திகுளத்தில் காற்று பலமாக அடித்து நெட் போய்விட்டது என்று அப்புறம்தான் தெரிந்தது. "அக்கா? அக்கா?" என்று ஆளாளுக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போன கப்பல்கள் திரும்பத் தொடங்கின. இதைவிட்டால் இன்னொரு சந்தர்ப்பம் வராது. நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். வண்டி நிறைந்தும் கிளம்பாமல் நின்றால் என் கை எங்கே போகுமோ அங்கே போனது. மவுஸுக்குப் பக்கத்தில் கிடந்த விசிலை எடுத்து மைக்கில் இரண்டு தடவை ஊதிவிட்டேன்.

படை மொத்தமும் வாசலைத் தாண்டியது. ஒருத்தர் கூட ஏன் என்று கேட்கவில்லை. பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து பஸ்ஸில் தொங்கிப் பழகிய ஆட்கள். இரட்டை விசில் கேட்டால் கம்பியைப் பிடித்துக்கொள்வார்களே தவிர எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். எதிரி திரும்புவதற்குள் அவர்களுடைய பெரிய கப்பல் இரண்டாகப் பிளந்தது. அது விழுந்ததும் மற்றவர்கள் சிதறி ஓடினார்கள். எங்கள் ஆட்கள் விடவில்லை, கூச்சல் போட்டுக்கொண்டு துரத்தினார்கள், அந்தோணி எல்லாருக்கும் முன்னால். ஓடுகிறவர்கள் போன திசையில் அன்றைக்கும் கல் வெட்டுகிற ஆள் ஒருத்தர் கூட இல்லை. பார்த்ததும் நீளமாக ஒற்றை விசில் கொடுத்தேன். அத்தனை பேரும் சடாரென்று நின்றார்கள். அந்தோணியும் நின்றார்.

அந்த நேரத்தில்தான் மரகதம் அக்காவுக்கு நெட் வந்தது. சுற்றிலும் எதிரிக் கப்பல்களின் சிதறல், நடுவில் எங்கள் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். "யாரு உத்தரவு கொடுத்தது?" என்றார். மண்வெட்டி கண்ணுக்குள் வந்து போனது. அந்தோணிதான் வாயைத் திறந்தார்: "யாரும் கொடுக்கலக்கா. விசிலு கேட்டுச்சு, வண்டி கெளம்பிட்டு. இன்னொரு விசிலு கேட்டுச்சு, நின்னுட்டு."

ஏன் நின்றார்கள் என்று அக்காவே பார்த்துவிட நினைத்தார். ஓடியவர்கள் போன திசைக்கு ஒரு சின்ன ஒற்றுக் கப்பலை அனுப்பிப் பார்த்தார். அது போன சுவடு தெரியாமல் வெடித்தது. அவர்களின் இன்னொரு படை அங்கே காத்திருந்திருக்கிறது. அப்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கெளப்பி விடுத ஆளு எங்கிட்ட நெறைய இருக்கு. நிப்பாட்டுத ஆளுதான் இல்லாம இருந்துச்சு. அண்ணாச்சி, கல்லு வெட்டப் போக வேண்டாம், விசில மட்டும் தொலைச்சிராதீங்க."

ஆக, இப்போது ஆகாசத்தில் ஒரு படையே என் விசிலுக்குக் கிளம்பி, என் விசிலுக்கு நிற்கிறது. பசுவந்தனை டீக்கடை வாசலில் சண்முகம் அண்ணன் மட்டும் இன்னும் டீயைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்.