வெள்ளை மேட்டைச் சுற்றிப் போங்கோ, அக்கா!

பாரிஸ் லா சப்பலில் கார் பழக்குகிறவனுக்கு பிரேக்குக்கு முன்னே தொண்டை தேய்ந்துவிடும். இதே தொழிலில் மாரடிக்கும் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்!

சார்செல் சுகந்தி அக்காவையே எடுங்கள். வயதானவர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் வேலை அவருக்குக் கிடைத்திருந்தது. மாத முடிவுக்குள் கையில் பெர்மி, அதாவது கார் ஓட்டும் உரிமம், இருந்தால்தான் அந்த வேலை.

பெரிய வட்டம்

சந்தி நடுவில் புல்லும் ஒரு சிலையும். வட்டத்துக்குள் ஓடுகிறவனுக்கு வழிவிட்டு, வலப்பக்கம் திரும்பி நுழையுங்கள் என்றேன். அக்கா இடப்பக்கம் வெட்டினார். நான் என் பக்கத்துப் பிரேக்கில் ஏறி நின்றேன். எதிரே வந்தவன் கண்ணாடியை இறக்கி என் பரம்பரையையே திட்டினான். அக்கா முறைத்தது என்னைத்தான்.

“கோயில் சுத்துற பக்கமாத்தானே தம்பி போனனான், மற்றப் பக்கம் சுத்தினால் பாவமெல்லோ?”

சின்ன வட்டம்

இதில் சிலையும் இல்லை, புல்லும் இல்லை. தட்டைக் கவிழ்த்த மாதிரி வெள்ளையடித்த ஒரு மேடு. விதி பெரியதற்கு உள்ளதேதான்: இடப்பக்கமிருந்து சுற்றி வருகிறவனுக்கு வழிவிடு, மேட்டைச் சுற்றிப் போ. திரும்ப இடம் போதாத பஸ்ஸும் லொறியும் மட்டும் அதன்மேல் ஏறலாம். நாய்படாப் பாடுபட்டு இதை அக்காவின் தலையில் ஏற்றினேன். சனிக்கிழமை, வீதியின் இடப்பக்கம் ஓடுகிற லண்டனிலிருந்து அவருடைய அத்தான் வந்து எல்லாவற்றையும் இறக்கிவிட்டுப் போனார். திங்கட்கிழமை அக்கா வலப்பக்கம் மட்டும் பார்த்து நுழைய, இடப்பக்கம் வந்த பஸ்ஸிடமிருந்து மயிரிழையில் தப்பினோம்.

“வலப்பக்கம் பாத்தால் காணுமெண்டு அத்தான் சொன்னவர். அவர் எவ்வளவு காலமா ஓடுறார், நீங்கள்தான் பிழையாப் படிச்சிட்டியளோ?”

சோதினை

பரிசோதகர் முன்னால், நான் பின்னால். அக்கா ஒரு பிழை விடவில்லை. சின்ன வட்டத்தில் நின்று, இடப்பக்கம் பார்த்து, அழகாகக் காத்திருந்தார். பின்னாலிருந்து ஒரு வான் விடாமல் ஹோர்ன் அடித்தது. அக்கா பதறிப்போய் வெள்ளை மேட்டுக்கு மேலாலேயே நேரே ஓட்டிவிட்டார். பெர்மி போச்சு. மறுசோதினைக்கு நாள் கிடைக்கும் முன்பே வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

சோதினைக்கு மறுநாள் தேநீர்க்கடையில் என் பழைய மாணவன் ஒருவன், இப்போது வான் ஓடுகிறவன், சிரித்துக்கொண்டு வந்தான்.

“மாஸ்டர், நேற்று உங்கட காரைக் கண்டு ஹோர்ன் அடிச்செல்லோ வணக்கம் சொன்னனான், நீங்கள் திரும்பியும் பாக்கேல்லை!”

யாருக்கு வழிவிடுவது என்று இந்த நாட்டில் வட்டத்துக்கு வட்டம் பலகை நட்டிருக்கிறார்கள், எங்கள் ஆட்களின் மரியாதைக்குத் தப்பிப் போக மட்டும் ஒரு பாதையும் போடவில்லை.