என்னைக் கண்டால் திக்காத திரை

“ஆண்டி, என் கை சரியில்லையா, கம்ப்யூட்டர் சரியில்லையா? ரெண்டுல எதுன்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

கோமதி ஃபோனில் என்னிடம் முதன்முதலில் பேசியது இதுதான். பெயரையும் சொல்லவில்லை, ஊரையும் சொல்லவில்லை. முற்பகல் நேரம். வெளியே மழைக்கு முன்னால் வரும் அந்த மஞ்சள் வெளிச்சம் பரவியிருந்தது. யாரம்மா நீ என்று கேட்டபிறகுதான் எங்கள் ஊரான கெலாங் பாத்தாவிலேயே, என் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளியிருக்கும் தாமான் குடியிருப்பில் இருப்பதாகச் சொன்னாள்.

என்னைப் பற்றிச் சிறிது. இருபத்தொரு வருடம் ஒரு மானிட்டர் தொழிற்சாலையின் டெஸ்டிங் லைனில் வேலை செய்தேன். இருட்டறையில் உட்கார்ந்து, முன்னால் வரும் ஒவ்வொரு திரையிலும் சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என்று மாற்றி மாற்றிப் போட்டு, ஒளிராமல் செத்த புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பேன். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தால் வானமே ஒரு பெரிய நீலத் திரை போலத் தெரியும். புள்ளி தேடிக்கொண்டே பஸ் ஏறுவேன். தொழிற்சாலையை மூடியபிறகு கணினிப் பழுதுபார்ப்பு கற்றுக்கொண்டு, வீடு வீடாகப் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. தொங்கும் பெட்டி

கோமதிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். துறைமுகத்தில் கன்டெய்னர் இழுக்கும் பிரைம் மூவர் லாரி ஓட்டுகிறாள். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை. விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்துவிடுபவர். நான் போனபோது வீட்டில் அவள் மட்டும்தான் இருந்தாள்.

மாடியறையில் ஒரு மேசை. பெரிய புதுத் திரை ஒன்று, அதன் பக்கத்தில் அணைந்து கிடந்த சின்னப் பழைய திரை ஒன்று. நாற்காலிக்கு இருபுறமும் இரண்டு ஜாய்ஸ்டிக், பலகையில் திருகி வைத்திருந்தாள். கிரேன் ஓட்டப் பழகும் ஸிமுலேட்டர் அது.

“கிரேன் டெஸ்டுக்கு எழுதிப் போட்டிருக்கேன் ஆண்டி. ஒருவாட்டி ஃபெயில். இன்னும் ஒரே ஒரு சான்ஸ்தான். பயிற்சி குடுக்கிறவர் ஒரே வார்த்தைதான் சொன்னார், ‘கோபோ’ன்னு. அப்படின்னா, என் கை அவசரப்படுதாம்.”

உட்கார்ந்து ஓட்டிக் காட்டினாள். திரையில் மேலிருந்து கீழே பார்க்கும் காட்சி. கால்களுக்கு நடுவே கண்ணாடித் தளம், அதற்குக் கீழே நாலு கயிற்றில் தொங்கும் ஒரு பெட்டி, அதற்கும் கீழே வெகு ஆழத்தில் கடல். பெட்டி ஊஞ்சல் போல ஆடியது. அது எந்தப் பக்கம் ஆடுகிறதோ அந்தப் பக்கமே கிரேனை மெல்ல நகர்த்தினால், ஆட்டம் அப்படியே உருகி நின்றுவிடும். பார்க்கும்போது எனக்கே கண் செருகியது. தூக்கத்தில் மிதப்பது போன்ற ஓர் அசைவு.

ஆனால் கயிறுகளின் நடுவே அடிக்கடி ஒரு வெட்டு விழுந்தது. மேல் பாதி ஓரிடத்திலும் கீழ்ப் பாதி விரல்கடை தள்ளியும் தெரிந்தன.

“இதுதான் ஆண்டி! கிழிஞ்சு கிழிஞ்சு போகுது. சில நேரம் அப்படியே திக்கி நின்னுட்டு, குதிச்சு வருது. நான் கைய அசைக்கிறப்ப பெட்டி எங்க இருக்குன்னே தெரியல.”

புதியவர்களுக்கு: திரை தன் படத்தை மேலிருந்து கீழாக நொடிக்கு அறுபது முறை வரைகிறது. பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே கிராஃபிக்ஸ் கார்டு அடுத்த படத்தைக் கொடுத்துவிட்டால் மேலே பழையது, கீழே புதியது. அதுதான் கிழிசல். கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுக்காமல் விட்டால் பழைய படமே நிற்கும். அதுதான் திக்கல்.

நான் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். கார்டையும் திரையையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் வி-சிங்க் அணைந்திருந்தது, போட்டுவிட்டேன். பெரிய திரை நூற்று நாற்பத்து நாலு ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை படம், தாங்கக்கூடியது, அறுபதில் கிடந்தது; ஏற்றிவிட்டேன். பெட்டி வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு போனது. கோமதி பத்து நிமிடம் ஓட்டினாள். ஒரு வெட்டுகூட இல்லை.

“உன் கையில ஒண்ணும் இல்லமா” என்று சொல்லிவிட்டு மழைக்குள் குடை விரித்து நடந்தேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

2. மூன்றாம் நாள்

மூன்றாம் நாள் மறுபடியும் அழைத்தாள். குரல் தாழ்ந்திருந்தது.

“கோவிச்சுக்காதீங்க ஆண்டி. கிழியுறது கொறைஞ்சிருக்கு. ஆனா திக்குறது முன்னவிட கூடிப்போச்சு.”

போனேன். கதவைத் திறந்துவிட்டு, “ரெண்டு நிமிஷம்” என்று எனக்கு முன்னால் மாடிக்கு ஓடினாள். நான் ஏறிப் போவதற்குள் எல்லாம் தயாராக இருந்தது. ஓட்டச் சொன்னேன். திக்கவே இல்லை.

“அலமாக்!” என்று தலையில் கை வைத்தாள். “நம்புங்க ஆண்டி, காலையில இப்படி இல்ல லா.”

நான் நம்பினேன். பழுதுக்காரர் வந்ததும் ஒழுங்காகிவிடும் கணினிகளை நிறையப் பார்த்தவள் நான். கணினியின் கூட்டைத் திறந்து தூசி தட்டினேன். சூடு அளந்தேன், சரியாக இருந்தது. கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைச் சுத்தமாக நீக்கி மறுபடி போட்டேன். மின்சாரம் மிச்சப்படுத்தும் அமைப்பை மாற்றினேன். கேபிளை மாற்றினேன். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அவள் ஓட்டினாள், பெட்டி சொகுசாக ஆடியது. பழுதே காட்டாத மெஷினில் எதைச் சரிசெய்தோம் என்று நமக்கே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு திருகாணி தேடுவது போலத்தான்.

கிளம்பும்போது கேட்டாள்: “கிரேன் ஏறுற ஆளுக்கு மனசுல வேற நினைப்பு இருந்தா அது கையிலயும் தெரியுமா ஆண்டி?”

“கிரேனப் பத்தி எனக்குத் தெரியாதுமா. அடுத்தவாட்டி திக்குறப்ப ஃபோன்ல வீடியோ எடுத்து அனுப்பு.”

அவள் கேட்டதை அன்றைக்கு நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

3. ஓரத்தில் ஒரு வெளிச்சம்

அடுத்த நாள் மதியம் வீடியோ வந்தது. சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே சாய்ந்தபடி பார்த்தேன். உண்மைதான், திக்கியது. பெட்டி ஆடிக்கொண்டே போய், நடுவானில் நின்று, திடுமென வேறிடத்தில் தோன்றியது. கோமதியின் கை அதைத் துரத்திப் பிடிக்கப் பார்த்தது. அந்தக் கை ஏன் அவசரப்படுகிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. தாமதமாக வரும் படத்தைப் பார்த்துப் பழகிய கை அது.

வீடியோவை நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன். இருட்டறையில் இருந்த காலத்துப் பழக்கம். படத்தின் நடுவை விட்டுவிட்டு ஓரங்களைப் பார்ப்பேன். வலது ஓரத்தில் மேசையின் விளிம்பு வெளிர்நீலமாக ஒளிர்ந்தது. அந்த வெளிச்சம் சின்னத் திரையிலிருந்து வந்தது. நான் போன இரண்டு முறையும் அணைந்து கிடந்த அதே திரை.

4. தூங்குகிறவள்

மறுநாள் நான் கருவிப் பையைத் திறக்கவே இல்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

“தனியா இருக்கறப்ப எப்படி ஓட்டுவியோ, அப்படியே ஓட்டு. நான் இங்க இல்லன்னு நினைச்சுக்க.”

கோமதி ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தாள். விட்டாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். தெருவில் ஐஸ்கிரீம் மோட்டார் சைக்கிளின் மணி கேட்டு, தேய்ந்து, மறைந்தது. பிறகு அவள் கை நீட்டிச் சின்னத் திரையைப் போட்டாள்.

ஓர் அறை தெரிந்தது. தரையில் பாய், பாயில் பூப்போட்ட தலையணை, அதைக் கட்டிக்கொண்டு தூங்கும் ஒரு சின்னப் பெண்குழந்தை. ஃபேன் காற்றில் நெற்றி முடி எழுந்து எழுந்து படிந்தது. படத்தில் அது தவிர வேறு அசைவே இல்லை.

“ஹர்ஷினி. மூணு வயசு. வேற ஊர்ல, லாயாங் லாயாங்ல, என் அக்கா வீட்டுல இருக்கா. பிரைம் மூவர்ல எந்த நேரம் கூப்பிடுவாங்கன்னு தெரியாது ஆண்டி, அதான் அங்க விட்டிருக்கேன். அக்கா வீட்டுல கேமரா மாட்டிக் குடுத்தேன்.”

“இத ஏன் மூடி வச்ச?”

“பார்க்கிறவங்க எல்லாம் ஒரே பேச்சு. பிள்ளைய அனுப்பிட்டு உனக்கு கிரேன் கேக்குதான்னு. நீங்களும் கேப்பீங்களோன்னுதான்.” மூக்கை உறிஞ்சினாள். “கிரேனுக்குப் போனா ஷிஃப்ட் முன்னாடியே தெரிஞ்சிடும். பிள்ளைய இங்கயே வச்சுக்கலாம். அதுக்குத்தானே இவ்வளவும்.”

ஓட்டு என்று கையால் மட்டும் காட்டினேன்.

ஓட்டினாள். பெட்டி திக்கியது.

காரணம் எளியது. ஒரே கார்டு இரண்டு திரைகளுக்கும் படம் அனுப்புகிறது. ஒன்றுக்கு நொடிக்கு நூற்று நாற்பத்து நாலு, மற்றதற்கு அறுபது. சின்னத் திரையில் ஒன்றும் அசையாதவரை தொந்தரவில்லை. அங்கே வீடியோ ஓட ஆரம்பித்தால், சில கணினிகளில் இரண்டு வேகங்களும் மோதிக்கொள்ளும். கோமதியின் கார்டும் பழையது. கேமரா படத்தை விரித்துக் கொடுக்கவே அது திணறிக்கொண்டிருந்தது. போதாததற்கு, பெரிய திரையின் வேகத்தை ஏற்றிவிட்டு முதல் நாளே நிலைமையை மோசமாக்கியவள் நான்.

அதை அவளிடம் சொன்னேன். “நீ சொன்னது சரிமா. நான் வந்து கெடுத்துட்டுப் போயிருக்கேன்.”

“அப்ப இத மூடிட்டா சரியாயிடும், இல்ல?” அவள் விரல் ஸ்விட்சுக்குப் போனது. கண் மட்டும் குழந்தையிடமே இருந்தது.

“மூட வேணாம். இரு.”

இரண்டு திரைகளையும் அறுபதுக்கே இறக்கினேன். திக்கல் குறைந்ததே தவிர முழுதாகப் போகவில்லை. கேமரா செயலியின் அமைப்புகளை மாற்றினேன். அப்போதும் எப்போதாவது ஒரு குதி இருந்தது. கடைசியில் வீட்டுக்கு நடந்து போய், அலமாரியில் சும்மா கிடந்த என் பழைய டேப்லெட்டை எடுத்து வந்தேன். கேமராவை அதில் திறந்து, பெரிய திரையின் கீழே சாய்த்து வைத்தேன். சின்னத் திரையின் கேபிளைக் கழற்றிச் சுருட்டினேன். பெரிய திரையை மறுபடி நூற்று நாற்பத்து நாலுக்கு ஏற்றினேன்.

கோமதி ஓட்டினாள். கடலுக்கு மேலே பெட்டி ஆடியது. டேப்லெட்டில் குழந்தை புரண்டு படுத்தாள். எங்கோ ரயில் போகும் சத்தம் அதிலிருந்து மெல்லியதாக வந்தது, குழந்தை அசையவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அறை முழுக்க ஒரு சாம்பல் வெளிச்சம். எத்தனை நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. ஆட்டம், மழை, குழந்தையின் நெற்றி முடி எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, நான் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினேன் போலும். “ஆண்டி, தே-ஓ ஆறுது” என்று கறுப்புத் தேநீரைக் காட்டி அவள் எழுப்பித்தான் எழுந்தேன்.

5. கை மறந்தது

கதை அதோடு முடியவில்லை. படம் சரியாகிவிட்டது, கை சரியாகவில்லை. திக்கும் படத்தைத் துரத்தியே பழகியதால், திக்காத படத்திலும் அவள் தேவைக்கு மேல் இழுத்தாள். முதல் மூன்று நாள் முன்பைவிட மோசம். அழுதுகொண்டே ஃபோன் செய்தாள்.

“கம்ப்யூட்டர் நல்லா இருக்கு ஆண்டி. அப்ப என் கைதான்.”

“கைக்கு யாரு தப்பா சொல்லிக் குடுத்தது? அந்த மெஷின்தான். இப்ப அதே மெஷின் சரியா சொல்லிக் குடுக்குது. கை பழச மறக்கட்டும். ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரம் சும்மா பெட்டி ஆடுறத மட்டும் பாரு, கைய வைக்காத.”

அது என் பழைய வேலையில் நான் கற்றது. புது லைனுக்கு மாற்றினால் முதல் அரை நாள் எதையும் தொடாமல் திரைகளை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பேன். கண் தானாக வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். கிரேனுக்கு இது பொருந்துமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் செய்தாள். ஹர்ஷினி தூங்கும் நேரம் முழுதும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு பெட்டியின் ஆட்டத்தைப் பார்த்தாளாம். ஒரு வாரம் கழித்து, “கை காத்திருக்குது ஆண்டி” என்று செய்தி அனுப்பினாள்.

டெஸ்டுக்குப் போய்விட்டு நேரே என் வீட்டுக்கு வந்தாள். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. வாசலில் நின்றபடியே, “வச்சுட்டேன் ஆண்டி” என்றாள். பெட்டியைச் சொன்னாள். ஒரே மூச்சில், ஆட்டமில்லாமல், குறித்த கோட்டுக்குள் இறக்கி வைத்திருக்கிறாள். பயிற்சியாளர் இந்த முறை ‘கோபோ’ என்று சொல்லவில்லையாம், சரியென்று தலையாட்டினாராம். கிரேன் வேலைக்கான ஆர்டர் வர மேலும் இரண்டு மாதம் ஆனது. ஷிஃப்ட் அட்டவணை கையில் கிடைத்த வாரமே லாயாங் லாயாங்குக்குப் போய்க் குழந்தையை அழைத்து வந்துவிட்டாள்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வி-சிங்க், ஹெர்ட்ஸ், டிரைவர் எல்லாம் எங்கேயும் படித்துக்கொள்ளலாம். ஒரு வீட்டுக்குள் நுழையும்போது, நம்மைக் கண்டதும் அங்கே எதை மூடுகிறார்கள் என்று பாருங்கள். பழுது பெரும்பாலும் அதன் பக்கத்தில்தான் இருக்கும். மூடியதைத் திறக்கச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. கருவிப் பையைக் கீழே வைத்துவிட்டு, அவசரமில்லாத முகத்தோடு, கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருங்கள். அவர்களே திறப்பார்கள்.