எதிர்வீட்டுப் பையனுக்குக் கேட்ட மருந்து

காலை ஐந்து நாற்பதுக்கு என் மகன் மாத்திரையைத் துப்பினான். விழுங்கியதுபோல் தண்ணீர் குடித்துவிட்டு, செம்பை என் கையில் கொடுத்து, என் கண்ணெதிரே தரையில் துப்பினான்.

"இன்னாடா இது?"

"நீ படிச்சுக்கினு கீறியே ஒரு பேப்பரு, அதுலயே போட்டுக்கீதும்மா. உடம்பு ஊதுமாம், கை நடுங்குமாம். தெரிஞ்சேதான் குடுக்கிறியா?"

அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான்.

மனநோய் மருந்து ஆராய்ச்சிக்கென்றே வரும் ஒரு மருத்துவ இதழின் கட்டுரை அது. என் மகனுக்கும் எதிர்வீட்டுப் பையனுக்கும் ஒரே நோய். காஞ்சிபுரத்தில் ஒரே டாக்டர், ஒரே மாத்திரை. அவன் தேறி, உத்திரமேரூர் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை போட்டுவிட்டான். என் மகன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறான். "சிலருக்கு சீக்கிரம் கேக்கும், சிலருக்கு நாளாகும்மா" என்றார் டாக்டர். எனக்கு அது போதவில்லை. அவனுக்குக் கேட்ட மருந்து என் பிள்ளைக்கு ஏன் கேட்கவில்லை?

போனில் தேடி எடுத்த கட்டுரையை அவன் கடையில் பிரதி எடுக்க மனம் வரவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வேறு கடையில் எடுத்தேன். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். குணமானவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக இருந்தது. பலன் காணாதவர்களுக்கு ஒரே ஒரு வரி. பக்கவிளைவுப் பட்டியலை நான் புரட்டிவிட்டுப் போயிருந்தேன். என் மகன் அதில்தான் நின்றிருக்கிறான்.

எதிர்வீட்டு அம்மா சலித்துக்கொள்வாள்: "கடயே கதின்னு கெடக்கிறான்க்கா, வூட்டுக்கு வர்றதே இல்ல." அந்தச் சலிப்பைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். ஒருநாள் அவனுக்குக் காய்ச்சல், கடை திறக்கவில்லை. அன்று மதியம் நான் நன்றாகத் தூங்கினேன்.

மகன் தாழ் போட்ட கதவைத் தட்டினேன், கெஞ்சினேன். மாத்திரையை நிறுத்தியதால் முன்பு ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகியிருந்தது. இவன் அப்பா வயலில் இருந்தார், போனை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் மட்டும் எடுத்து, "எப்படியாவது இன்னிக்கே கூட்டியாங்க" என்றாள். எப்படியாவது என்றால் எப்படி?

உள்ளே அவன் யாரிடமோ தணிந்த குரலில் பேசுவது கேட்டது. கதவில் காதை வைத்தேன். பேச்சு நின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் கேட் திறந்தது. எதிர்வீட்டுப் பையன். தலை துவட்டிய துண்டு தோளிலேயே கிடந்தது.

"போன் பண்ணான் பெரிம்மா."

பெற்றவள் கதவுக்கு வெளியே நிற்கிறேன், இவனைக் கூப்பிட்டிருக்கிறான். அவனை உள்ளே விடாமல் ஒரு கணம் வாசலை மறித்துத்தான் நின்றேன். அவன் என்னைச் சுற்றிக்கொண்டு போய், அறைக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தான்.

"டேய், எனக்குந்தான் ஊதிச்சு. பழைய பேன்ட்டு ஒண்ணுகூட ஏறல. டாக்டராண்ட சொன்னேன், அளவக் கொறச்சுக் குடுத்தாரு. நீயும் வா, இன்னிக்கே போயி கேக்கலாம். கடைக்கு லீவு வுட்டுட்டேன். பெரிம்மா, ரெண்டு பேருக்கும் தோச ஊத்து."