காரில வச்சிட்டு வா

சங்கத்தின் பொங்கல் விழா அறிவித்தலில் கடைசி வரியை எழுதியவன் நான். “மண்டபத்துக்குள் எவ்வித ஆயுதமும் அனுமதிக்கப்படமாட்டாது. வாசலில் சோதனை உண்டு. எவருக்கும் விலக்கு இல்லை.” எழுதிவிட்டு இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி. ஊரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த நாங்கள் ரொறன்ரோவில் வைத்திருக்கும் பழைய மாணவர் சங்கத்துக்கு அப்போது நான்தான் செயலாளர். இப்போதும் நான்தான்.

அந்த வரி நாங்கள் விரும்பிச் சேர்த்தது அல்ல. மண்டபக்காரர் கேட்டார்கள். மில்லிக்கன் பக்கத்தில் வேறொரு மண்டபத்தின் பார்க்கிங்கில், யாரோ வீட்டுக் கலியாணத்தன்று வெடிச்சத்தம் கேட்டிருக்கிறது. அதன்பிறகு வாசலில் ஒரு காவலாளியும் கையில் பிடித்துத் தடவும் கருவியும் இல்லாவிட்டால் மண்டபம் தரமாட்டோம் என்றுவிட்டார்கள். எங்கள் நிர்வாகசபைக்கு வந்ததே கோபம். “முப்பது வருசத்துக்கு முந்தி ஆமிக்காரன் தடவினது காணாதே? பொங்கல் சாப்பிட வாற சனத்தையும் தடவ வேணுமோ?” என்று தலைவர் குதித்தார். அவர் சொன்னதில் பிழையில்லை. வரிசையில் நின்று கைகளை உயர்த்தி, முன்பின் தெரியாதவனின் கை இடுப்பில் ஊர்வதைப் பொறுத்துக்கொண்ட சனம் நாங்கள். கடைசியில் நான் ஒரு சமரசம் சொன்னேன். பொதுச்சனம் முன்வாசலால் வரட்டும், சோதிக்கட்டும். பிரதம விருந்தினரையும் அனுசரணையாளர்களையும் சமையலறைப் பக்கத்துக் கதவால் நாதஸ்வர இசையோடு அழைத்துவருவோம். மாலை போட்டு வரவேற்கிறவர்களைக் கையைத் தூக்கச் சொல்ல எங்களுக்கு வாய் வராது. எல்லோரும் சரி என்றார்கள். ‘எவருக்கும் விலக்கு இல்லை’ என்ற வரியை அழிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அந்த வருடப் பிரதம விருந்தினர் என் வகுப்பில் படித்தவன். ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் பலசரக்குக் கடை வைத்திருந்தான். ரூஜ் பக்கம் புதிதாக வீடு வாங்கிக் குடியிருந்தான். அமைதியானவன். யாரோடும் சத்தமாகக் கதைத்து நான் கண்டதில்லை. அவனுக்கு ஒரேயொரு விசித்திரமான பொழுதுபோக்கு இருந்தது. கைத்துப்பாக்கி விற்பனையை அரசாங்கம் நிறுத்துவதற்கு முன்பே, முறைப்படி படித்து, அனுமதி எடுத்து, ஒன்று வாங்கி வைத்திருந்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு அதைக் கொண்டுபோய்க் கடதாசி வட்டத்தில் சுட்டுவிட்டு வருவான். “வேற ஆக்கள் கொல்ஃப் விளையாடப் போறாங்கள், நீ வட்டத்துக்குச் சுடப் போறாய்” என்று நான் நக்கலடிப்பேன். சிரிப்பான். சட்டம் அவனுக்குத் தண்ணீர்பட்ட பாடு. குண்டு நீக்கி, விசைக்குப் பூட்டுப் போட்டு, பெட்டிக்குள் வைத்து அதையும் பூட்டி, வீட்டிலிருந்து சுடும் இடத்துக்கு நேரே போக வேண்டும். நேரே திரும்பி வர வேண்டும். வழியில் கோப்பி வாங்கக்கூட நிறுத்தமாட்டான். உடையில் மறைத்துக் கொண்டுபோவது குற்றம், அப்படி ஒரு பொதுக்கூட்டத்துக்குப் போகும் வழியில் இருப்பதே குற்றம் என்று எனக்குச் சொல்லித்தந்தவனே அவன்தான்.

அப்படிப்பட்டவனுக்குத்தான் அந்த அழைப்புகள் வரத் தொடங்கின. வாட்ஸப்பில், தெரியாத இலக்கத்திலிருந்து, நல்ல மரியாதையான ஆங்கிலத்தில் ஒரு குரல் காசு கேட்டது. அவன் துண்டித்தான். மறுநாள் அவனுடைய மகள் படிக்கும் இடத்தின் பெயரைச் சொல்லி ஒரு செய்தி வந்தது. பொலிசுக்குப் போனான். பதிந்துகொண்டார்கள், கமெரா பூட்டச் சொன்னார்கள். பூட்டினான். ஒரு விடியற்காலை கடைக் கண்ணாடியில் மூன்று ஓட்டைகள் இருந்தன. முகம் மூடிய ஒருவன் நிதானமாக நடந்து வந்து சுட்டுவிட்டு நடந்தே போனதை அந்தக் கமெரா வடிவாகப் பிடித்திருந்தது. உயிராபத்து உள்ளவர்கள் துவக்கை உடன் வைத்திருக்கத் தனி அனுமதி கேட்கலாமாமே என்று வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டிருக்கிறான். அப்படிக் கிடைத்த ஒருவரைத் தான் இதுவரை கண்டதில்லை என்று அவர் சொல்லியிருக்கிறார். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அவனைப் பிரதம விருந்தினராக வரச் சொன்னேன். அறிவித்தலில் அவன் படத்தைப் பெரிதாகப் போட்டு, திகதியும் நேரமும் மண்டபமும் அச்சடித்து, முகப்புத்தகத்திலும் ஏற்றினேன். அவனுக்கு ஒரு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன். நான் நினைத்து என்னத்தைக் கண்டேன்.

விழாவன்று நல்ல பனி. சனம் கம்பளிக் கோட்டுகளோடு முன்வாசலில் வரிசையாக நின்றது. காவலாளியாக வந்தவள் இங்கே பிறந்த எங்கள் பிள்ளை ஒருத்தி. இருபத்திரண்டு வயது இருக்கும். கருவி எல்லாவற்றுக்கும் கத்தியது. காப்புக்குக் கத்தியது, நடனமாட வந்த பிள்ளைகளின் ஒட்டியாணத்துக்குக் கத்தியது. ஒரு அன்ரியின் கைப்பையிலிருந்து பாக்குவெட்டி வெளியே வந்தபோது வரிசையே சிரித்தது. அதை ஒரு பையில் போட்டு, இலக்கம் எழுதி, போகும்போது வாங்குங்கோ என்று அந்தப் பிள்ளை மரியாதையாகச் சொன்னாள். பிறகு என்னிடம் வந்தாள்.

“அங்கிள், சைட் டோர்ல ஒருத்தரும் இல்லை. அதால வாற ஆக்களை ஆர் செக் பண்ணுறது? ரூல் எண்டா எவ்ரிபடிக்கும்தானே?”

“அது விருந்தினருக்கு பிள்ளை. எல்லாரும் எங்கட ஆக்கள்தான்” என்றேன்.

அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அன்று அந்த மண்டபத்தில் தன் வேலையை ஒழுங்காகச் செய்தவள் அவள் ஒருத்திதான்.

நாதஸ்வரம் ஒலிக்க, சமையலறைக் கதவால் அவனும் மனைவியும் வந்தார்கள். விளக்கேற்றினார்கள். பொன்னாடை போர்த்துவதற்கு என்னை அழைத்தார்கள். போர்த்தினேன். போர்த்தினால் கட்டிப்பிடிக்க வேண்டும், படம் எடுப்பவருக்காக இரண்டு விநாடி கூடுதலாகப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எங்கள் மேடைகளின் வழக்கம் அது. கட்டிப்பிடித்தபோது அவனுடைய கோட்டுக்குள், வலது இடுப்பில், என் கை கட்டியான ஒன்றில் பட்டது. எங்கள் வயதுக்காரருக்கு அது என்னவென்று கண்ணால் பார்க்கத் தேவையில்லை. படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னார். இருவரும் சிரித்தோம். அந்தப் படம் இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது.

சிறுவர்களின் நடனம் தொடங்கியதும் அவனை மேடைக்குப் பின்னால், கதிரைகள் அடுக்கியிருந்த இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“உது என்னடா?”

“தெரிஞ்சுகொண்டு ஏன் மச்சான் கேக்கிறாய்?”

“உனக்கென்ன விசரே? இவ்வளவு பிள்ளையள் நிக்குதுகள்.”

“எனக்கும் பிள்ளையள் இருக்கு.” அவன் குரலை உயர்த்தவில்லை. “நேற்றும் கோல் வந்தது. பொங்கல் விழாவில நல்லாப் பேசு எண்டு சொல்லிச் சிரிக்கிறான். நீ போட்ட நோட்டீசைப் பார்த்திருக்கிறாங்கள். வராமல் விடுவம் எண்டு யோசிச்சன். உன்னை நடுத்தெருவில விட மனம் வரேல்லை.”

உண்மையில் எனக்கு முன் இரண்டு வழிகள்தான் இருந்தன. பொலிசை அழைப்பது ஒன்று. அழைத்தால் அவனை விலங்கோடு கொண்டுபோவார்கள். இல்லையென்றால் மனைவியையும் ஏற்றிக்கொண்டு இப்போதே வீட்டுக்குப் போ என்று அனுப்புவது. அனுப்பினால் பிரதம விருந்தினர் எங்கே என்று சனம் கேட்கும், தலைவர் கேட்பார், அடுத்த அரைமணியில் அவனுடைய உரை இருந்தது. நிகழ்ச்சி நிரல் என் கையில் இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், அந்தக் கடதாசியைப் பார்த்துத்தான் நான் முடிவெடுத்தேன்.

“கொண்டுபோய்க் காரில வச்சிட்டு வா” என்றேன்.

“காரிலயோ? அது சரியில்லை மச்சான். பெட்டியும் கொண்டரேல்லை.”

“பூட்டிப்போட்டு வா. ஆருக்குத் தெரியப்போகுது? உன்ரை பேச்சுக்கு முதல் ஓடிப்போட்டு வா.”

பள்ளிக்கூடத்தில் நான் பிழையான விடையைச் சொல்லிக் கொடுத்தாலும் அதையே எழுதுகிறவன் அவன். சமையலறைக் கதவால் வெளியே போனான். தலையில் பனியோடு திரும்பி வந்தான். மேடையில் ஏறி, கல்வியின் அருமை பற்றி அழகாகப் பேசினான். நான் முன்வரிசையில் இருந்து கைதட்டினேன். ஒருவருக்கும் தெரியாமல் ஒரு பெரிய ஆபத்தைத் தவிர்த்துவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

சாப்பாடு முடிந்து வெளியே வந்தபோது அவனுடைய கார் நின்ற இடத்தில் கார் இல்லை. சுற்றிவரப் பனி கிடக்க, கார் நின்ற அளவுக்கு ஒரு நீள்சதுரம் மட்டும் வெறுந் தாராகத் தெரிந்தது. அதன்மேலும் பனி மெல்லப் படியத் தொடங்கியிருந்தது. கண்ணாடி உடைந்த துண்டு ஒன்றுகூட இல்லை. இந்த நகரத்தில் புதிய பெரிய கார் வைத்திருக்கும் எவருக்கும் நடப்பது. வேறொரு நாளாக இருந்தால், இன்சூரன்ஸ் தரும் விடு என்று தோளில் தட்டியிருப்போம். அவன் அந்த இடத்தைப் பார்த்தபடியே நின்றான்.

“துவக்கைப் பற்றி வாய் திறக்காதை” என்று காதுக்குள் சொன்னேன். “கார் களவு போட்டுது எண்டு மட்டும் சொல்லு.”

“குண்டோட கிடக்கு மச்சான்” என்றான். “ஆரோ ஒருத்தன்ரை கையில போய்ச் சேரப்போகுது. சொல்லாமல் எப்பிடி விடுறது?”

பொலிசுக்கு அவனே அழைத்தான். எல்லாவற்றையும் அவனே சொன்னான். மறைத்துக் கொண்டுவந்ததை, மண்டபத்துக்குள் வைத்திருந்ததை, காரில், இருக்கைக்கு எதிரே மூடியோடு இருக்கும் முன் தட்டில் வைத்ததை. உள்ளே உன்னிடம் துவக்கு இருந்தது வேறு யாருக்காவது தெரியுமா என்று பொலிஸ்காரி கேட்டாள். நான் நான்கு அடி தள்ளி, அவனுடைய பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒருவருக்கும் தெரியாது என்றான். நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவனை ஏற்றிக்கொண்டு போனபின், அவன் மனைவியை நான்தான் ரூஜுக்குக் கொண்டுபோய் விட்டேன். அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கார் சில கிழமைகளில் கிடைத்தது. கப்பலேற்றுவதற்கு மொன்றியலில் ஒரு கொள்கலனுக்குள் இருந்ததாம். முன் தட்டு வெறுமையாக இருந்தது. அதன்பிறகு என் வாழ்க்கை செய்தி பார்ப்பதாகிவிட்டது. நகரத்தின் எந்த மூலையில் சூடு நடந்தாலும் செய்தியைத் தேடி எடுப்பேன். சந்தேக நபர் பிடிபட்டார், ஆயுதம் அகப்படவில்லை என்று வாசிப்பேன். அகப்படவில்லை என்றால் அதுவாக இருக்குமோ? மனைவி கேட்டால் காலநிலை பார்க்கிறேன் என்பேன். அவனோ பிணையில் வந்து, கடையை விற்றுவிட்டு, வழக்குக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தான். மிரட்டிய குரல் மட்டும் பிறகு ஒருநாளும் அழைக்கவில்லை. அவனிடம் இனி எடுக்க என்ன இருந்தது?

கோடையில் ஒரு பின்னேரம் அவன் அழைத்தான். “மச்சான், அது கிடைச்சிட்டுதாம். இலக்கத்தை வச்சுப் பார்த்திட்டு வந்து சொன்னாங்கள்.”

“அப்பாடா!” என்று நான் கத்தியேவிட்டேன். ஆறு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது போலிருந்தது. “முருகா! கடைசியா ஒரு நல்ல செய்தி.”



“பூங்காவில பிறந்தநாள் விழாவாம்” என்றான். “பிள்ளைக்குப் பத்தொன்பது வயசு. கேக் எடுக்கக் காரடிக்கு வந்தவளாம். அவளுக்கெண்டு வந்த சூடு இல்லையாம்.”

நான் சமையலறைக் கதிரையில் இருந்துவிட்டேன். அப்பாடா என்று கத்திய என் குரல் அந்த அறையிலேயே நின்றது. இன்றும் அங்கே போகும்போது எனக்குக் கேட்கிறது. அந்தப் பிள்ளை எங்கள் ஆள் அல்ல, வேறு நாட்டுப் பிள்ளை. படத்தைச் செய்தியில் பார்த்தேன். ஒரு தரத்துக்கு மேல் பார்க்க முடியவில்லை. அவளுடைய தாய்க்கு எழுத நினைத்து இரண்டு முறை தொடங்கியிருக்கிறேன். என்ன எழுதுவது? ‘உங்கள் மகளைக் கொன்ற துவக்கை, எங்கள் விழா குழம்பாமல் இருப்பதற்காக நான்தான் காரில் வைக்கச் சொன்னேன்’ என்றா?

அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டனைத் தீர்ப்புக்காக வீட்டில் காத்திருக்கிறான். நீதிமன்றத்திலும் என் பெயர் வரவில்லை.

இந்த வருடப் பொங்கல் விழாவுக்கும் அதே அறிவித்தல்தான். கடைசி வரியை மாற்றாமல் அப்படியே போட்டேன். நிர்வாகசபையில் தலைவர் எழுந்து, போன முறை அவ்வளவு பிரச்சினைக்குள்ளும் வாசல் ஒழுங்கு ஒரு சொட்டும் குழம்பாமல் விழாவை நடத்தி முடித்த செயலாளரை மேடையில் கௌரவிக்க வேண்டும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். வேண்டாம் என்றேன். அடக்கம் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

விழாவன்று காலை அவனுக்கு அழைத்துச் சொன்னேன். அவன் என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நல்லாயிருக்கும் என்று ஆசைப்பட்டேன் என்பதுதான் சரி.

“வாங்கு மச்சான்” என்றான். “வேண்டாம் எண்டு நிண்டால், ஏன் எண்டு கேப்பாங்கள்.”

மேடையில் ஏறிக் கழுத்தை நீட்டினேன். தலைவர் பொன்னாடையைப் போர்த்தி, என்னைக் கட்டிப்பிடித்தார். படம் எடுப்பவர் சிரிக்கச் சொன்னார்.